விளக்கு எரியவில்லை, ஆனாலும் நிறுத்து என்றேன்

டர்போ வண்டிக்கு என்ன மீட்டர் மாட்டலாம் என்று கேட்டு என்னிடம் வேலை கற்ற உங்களில் யாராவது அடிக்கடி எனக்குப் போன் செய்கிறீர்கள். வாடிக்கையாளர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது உங்கள் குரலிலேயே தெரிந்துவிடும். "மேடம், பூஸ்ட் மீட்டர் கேக்குறாங்க. எந்தக் கம்பெனி நல்லது?" நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்த அம்மாவுக்குத் திமிர் அடங்கவில்லை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் கேட்டதை மாட்டிக்கொடுத்து அனுப்புவேன் என்பவர்களை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் என்னிடம் வேலை கற்றவர் என்று வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நான் வேலை பார்த்த பட்டறை தஞ்சாவூரில் இருந்தது. ஆட்டோமொபைல் டிப்ளமாவை முடித்துவிட்டுப் போன என்னை, முதல் நாள் வரவேற்பு மேசையில் உட்காரச் சொன்னார்கள். என் டிப்ளமா இன்ஜினுக்கு, போன் எடுப்பதற்கு அல்ல என்று சொல்லி எழுந்து உள்ளே போனேன். அன்றிலிருந்து முதலாளி என்னை "பிடிவாதம்" என்றுதான் கூப்பிடுவார். பெயர் பூங்கோதை. அது சம்பளம் கொடுக்கும் நாளிலும், என்னிடம் காரியம் ஆக வேண்டிய நேரத்திலும் மட்டும் அவருக்கு ஞாபகம் வரும். மோசமான மனிதர் இல்லை. வந்தவர் மனம் கோணாமல் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. இன்ஜினுக்கும் மனம் கோணக்கூடாது என்பது என்னுடையது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத ஒரு தடவையைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

புரட்டாசி மாதம். குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நல்ல நிலபுலன் உள்ள குடும்பம். அவர் பெயர் சுரேஷ், தோஹாவில் வேலை, லீவில் வந்திருந்தார். அந்த அம்மா பெயர் கவிதா. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, டர்போ வைத்தது, பழசாக வாங்கியது. வாங்கிய கையோடு வெளியூரில் ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோய், வண்டியின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, காற்றுக் குழாயையும் பெரிதாகப் போட்டு, இன்ஜின் சக்தியைக் கூட்டியிருந்தார்கள். சுரேஷ் போனில் ஒரு படத்தைக் காட்டினார். முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் வரிசையாக மூன்று வட்ட மீட்டர், நீல வெளிச்சத்தில். ஒன்று பூஸ்ட். ஒன்று பேட்டரி வோல்ட். இன்னொன்று மணி பார்க்கும் கடிகாரம்.

"இதே மாதிரி வேணும் மேடம். நாளன்னிக்கு எனக்கு ஃப்ளைட்."

"போயிட்டு எப்ப சார் வருவீங்க?"

"அடுத்த வருஷம்."

"அதுவரைக்கும் வண்டிய யாரு ஓட்டுவா?"

அவர் மனைவியைக் கைகாட்டினார். கவிதா அதுவரை வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று, யாரிடமோ போனில் யூரியா வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். புகுந்த வீட்டு நிலம் முழுவதையும் அவர்தான் பார்க்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, உரக்கடை, கூட்டுறவு சங்கம், எல்லாவற்றுக்கும் இந்த வண்டிதான். மாமனாருக்கு இருதயத்தில் கோளாறு. அவரை மாதாமாதம் தஞ்சாவூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதும் அவர்தான்.

"அப்ப இந்த மூணு மீட்டரும் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவருக்குப் புடிச்சிருக்கு."

சுரேஷ் சிரித்தார். "நல்லா இருக்கும் மேடம், போட்டு விடுங்க."

முடியாது என்று சொன்னேன். அந்தச் சொல் அந்தப் பட்டறையில் அதற்கு முன் ஒலித்ததில்லை. கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பூஸ்ட் என்பது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம். அது கூடினால் முதுகு சீட்டோடு ஒட்டும், குறைந்தால் வண்டி இழுக்காது. அதை உடம்பே சொல்லிவிடும். உடம்புக்குத் தெரியாதவை இரண்டு. இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலின் அழுத்தம் ஒன்று. டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு இன்னொன்று. சக்தியைக் கூட்டிய வண்டியில் புகைச்சூடு எல்லை தாண்டினால், பிஸ்டன் உருகுகிற வரைக்கும்கூட வண்டி சுகமாகத்தான் ஓடும். ஆயில் நின்றாலும் அப்படித்தான், கடைசி நிமிடம் வரைக்கும் எந்தக் குறையும் தெரியாது. பூஸ்ட் மீட்டரைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. காற்றுக் குழாய் கசிந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு மூன்றாவது இடம்தான்.

இதைச் சொன்னதும் சுரேஷ், "ஆயிலுக்குத்தான் கம்பெனியே விளக்கு குடுத்திருக்கானே மேடம். மத்ததெல்லாம் போன்லயே ஆப்ல பாத்துக்கலாம்" என்றார்.

"அந்த விளக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாம போனப்பறம்தான் எரியும் சார். எரிஞ்சா காரியத்துக்கு ஆள் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். ஆப்பு, வண்டிக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லும். உங்க வண்டில ஆயில் அழுத்தம் எவ்வளவுன்னு கம்ப்யூட்டருக்கே தெரியாது. அதுக்கே தெரியாதது போனுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி வெளியே வந்துவிட்டார். என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "கேட்டதப் போட்டுக் குடுத்து அனுப்பு கோதை. எவ்ளோ பெரிய குடும்பம் தெரியுமா? அவங்க மூலமா எவ்ளோ வண்டி வருது?" என்றார்.

"போடச் சொல்லுங்க சார், வேற யாரையாவது. இந்த வண்டிய நான் சோதிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"வேலைய விட்டுப் போறியா?"

"அனுப்புனா போறேன்."

அதைச் சொல்லும்போது பயம் இல்லாமல் இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் கவிதா எங்கள் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஆயில் அழுத்தம்னா என்ன?"

அவருக்குத் தாய்வீடு திருத்துறைப்பூண்டி பக்கம் என்று பேச்சில் தெரிந்திருந்தது. "உங்க ஊருக்கு ஆத்துத் தண்ணி எப்படி வருது?" என்றேன்.

"எங்க வருது? நாங்க கடைமடை. மேட்டூர் தெறந்துட்டாங்கன்னு டிவில சொல்லுவாங்க. எங்க வயலுக்கு வந்து சேர்ற வரைக்கும் நிச்சயம் இல்ல."

"வண்டில டர்போதான் கடைமடை. ஆயில் எல்லா எடமும் சுத்தி அங்க போவணும். உங்க ஊருல தண்ணி வரலன்னா பயிர் காய மாசக்கணக்காவும். இங்க கண் மூடித் திறக்கறதுக்குள்ள கருகிடும். தலைமடைல வேகம் கொறையுதான்னு பாக்கறதுதான் இந்த மீட்டர்."

கவிதா கணவனிடம் போனார். அவர் சத்தம் போடவே இல்லை. "வண்டிய ஓட்டப்போறது நான். மாமாவ ஏத்திட்டு வரப்போறது நான். இவங்க சொல்ற ரெண்டும் இருக்கட்டும்" என்றார். சுரேஷ் முகம் சுருங்கியது. மனைவி எதிரில் ஒரு மெக்கானிக் தன்னை மறுத்துப் பேசியது அவருக்கு ஆறவில்லை என்று தெரிந்தது. அவருடைய பூஸ்ட் மீட்டரையும் மாட்டித்தான் கொடுத்தேன், இடது பக்கத்தில், அவர் லீவில் வந்தால் உட்காரும் சீட்டுக்கு எதிரே. கவிதாவின் கண்ணுக்கு நேரே ஆயில் அழுத்தம், அதன் பக்கத்தில் புகைச்சூடு.

ஆயிலை உள்ளே கொண்டுவரும் குழாய் மீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிய்த்துக்கொண்டால் சூடான ஆயில் ஓட்டுகிறவர் மடியில் கொட்டும். இன்ஜின் கட்டையிலேயே சென்சாரைத் திருகி, ஒயர் மட்டும் உள்ளே வருகிற வகையைப் போட்டேன். ஒளிரும் எண் மீட்டரும் வேண்டாம், முள் வைத்ததே போதும் என்றேன். எண்ணைப் படிக்க வேண்டும். முள் என்றால் ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும். பிறகு கவிதாவை ஓட்டச் சொல்லி பைபாஸ் வரை போய் வந்தோம். இன்ஜின் சூடேறிய பிறகு முள் எங்கே நிற்கிறது, சும்மா நிற்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு இடத்திலும் அவரே நகப்பூச்சால் கண்ணாடி மேல் கோடு போட்டார். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய வண்டிக்கு எது வழக்கமோ அது அவருக்குத் தெரிந்தால் போதும். "முள்ளு இந்தக் கோட்டுக்குக் கீழ போனா எனக்குப் போன் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும்" என்றேன்.

ஐப்பசி பாதியில் போன் வந்தது.

காலையிலிருந்து விடாத மழை. நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். எடுத்ததும் கவிதாவின் குரலுக்கு முன்னால் ஒரு ஆணின் அதட்டல்தான் கேட்டது. பிறகுதான் அவர், "அக்கா, முள்ளு எறங்குது" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

மாமனாருக்கு விடிந்ததிலிருந்து மூச்சு வாங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். பின் சீட்டில் பெரியவர், அவரைத் தாங்கிப் பிடித்தபடி அவருடைய தம்பி. நீடாமங்கலத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, ஆற்றங்கரை ரோட்டில் இருக்கிறார்கள். அதட்டியது தம்பிதான்.

"எப்படி எறங்குச்சு? பட்டுனு விழுந்துச்சா, கொஞ்சங்கொஞ்சமாவா?"

"மொதல்ல வளைவுல திரும்பறப்ப ஆடுச்சு. நேரா வந்தா திரும்ப ஏறிடுச்சு. இப்ப நேரா போறப்பவும் கோட்டுக்குக் கீழதான் நிக்குது."

பட்டென்று விழுந்திருந்தால் நான் ஒயரைச் சந்தேகப்பட்டிருப்பேன். மழை, ஈரம், ஒரு இணைப்பு கழன்றிருக்கலாம். செத்த முள் பெரும்பாலும் பொய் சொல்லும். ஆனால் வளைவில் ஆடி, நேரே போகும்போது ஏறி, பிறகு படிப்படியாக இறங்குகிற முள் அப்படி இல்லை. ஆயில் சட்டியில் ஆயில் குறைந்து, பம்பு காற்றைக் குடிக்கிறது என்று அர்த்தம். இருந்தாலும் இருபது முப்பது மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, மழையில், ஒரு முள்ளின் ஆட்டத்தை வாய்வார்த்தையாகக் கேட்டு முடிவு சொல்ல வேண்டும்.

"சிவப்பு விளக்கு எரியுதா?"

"இல்லக்கா."

உடனே பின்னாலிருந்து சத்தம். "அதான் எரியலியே! கம்பெனி வெச்ச விளக்கே எரியல, அந்த மெக்கானிக் வெச்ச பொம்மைய பாத்துக்கிட்டு இருக்கே. நீ ஓட்டும்மா. அண்ணனுக்கு மூச்சு வாங்குது, கேட் வேற போட்டுடுவான்."

மூடினால் எப்போது திறக்கும் என்று தெரியாத நீடாமங்கலம் ரயில்வே கேட் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"கவிதா, ஏசி போட்டிருக்கியா? ஏதாச்சும் வாசனை வருதா?"

அவர் மூச்சை இழுத்துப் பார்ப்பது போனிலேயே கேட்டது. "வருதுக்கா. எண்ணெய் பொசுங்கற வாசனை. அப்பளம் பொரிச்சு அடுப்புலயே விட்ட சட்டி மாதிரி."

ஆயில் வெளியே வருகிறது. வருகிற ஆயில் டர்போவின் மேல் விழுகிறது. ஓடுகிற டர்போவின் வெளிக்கூடு எவ்வளவு சூடாக இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அடுத்து வருவது இரண்டில் ஒன்று. இன்ஜின் இறுகி நடுரோட்டில் நிற்கும், அல்லது பானெட்டுக்குள் தீப்பிடிக்கும். நடக்க முடியாத ஒருவரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு.

மறுபக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? பழைய ஆயில் கறை ஏதோ சூட்டில் பொசுங்கியிருந்தால்? இருதய நோயாளியை ஐப்பசி மழையில் ஆற்றங்கரையில் இறக்கி நிற்கவைத்துவிட்டு, வண்டி நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தால்? பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் குடும்பத்தின் முன் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? எங்கள் அம்மாவும் அப்பாவும் நீடாமங்கலம் பக்கத்து வயல்களில் கூலிக்கு நட்டும் அறுத்தும் வாழ்ந்தவர்கள். அந்த மாதிரிக் குடும்பங்களின் பெரியவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுதான் அவர்களுக்குப் பழக்கம். அவர்கள் மகள் அப்படி ஒருவரை மழையில் இறங்கு என்று சொல்லப்போகிறாள்.

மீட்டர் மட்டும் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். மூக்கு மட்டும் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டும் சேர்ந்து ஒன்றையே சொல்லின.

"நிறுத்து" என்றேன். "ஓரமா நிறுத்து. இன்ஜின ஆஃப் பண்ணு. எல்லாரையும் எறக்கு."

"மாமாவையுமா?"

"மாமாவத்தான் மொதல்ல."

போனைத் தம்பி பிடுங்கிக்கொண்டார். "யாரும்மா நீ? ஆள் செத்தா நீ பொறுப்பேத்துக்குவியா?"

"ஏத்துக்குறேங்க. பேர் பூங்கோதை, எங்க பட்டறை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இப்ப அவர எறக்குங்க."

அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் வண்டி நின்றுவிட்டது. கவிதா என் பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. அந்த அம்மாவிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒன்றைப் புரிந்துகொண்டால் அவர் இன்னொருவர் அனுமதிக்கு நிற்கமாட்டார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, மழைச் சத்தம் பெரிதானது. போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். கிளம்பிவிடுகிறோம், ஆனால் கரை ரோடு வரைக்கும் வர நேரமாகும் என்றார்கள்.

"பானெட்ட மட்டும் யாரும் தெறக்கக் கூடாது. காத்து போச்சுன்னா பத்திக்கும்" என்று கத்தினேன்.

"பொகை வருதுக்கா" என்றார் கவிதா. "பானெட் இடுக்குலேர்ந்து. கருப்பா."

"தள்ளி வாங்க எல்லாரும்" என்று இப்போது கத்தியது அந்தத் தம்பிதான்.

நல்ல வேளையாக எதிரே குறுவை நெல் மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று வந்தது. கவிதா ரோட்டுக்கு நடுவில் போய் நின்று அதை மறித்தார். டிரைவர் இறங்கி, மூட்டை மேல் போட்டிருந்த தார்ப்பாயை உருவிப் பெரியவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவரை நடத்திக் கொண்டுவந்து தன் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். நெல் நனைந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று கவிதா பிறகு சொன்னார். தம்பியையும் ஏற்றிக்கொண்டு, லாரியைத் திருப்பி நீடாமங்கலம் ஓட்டினார். ஆம்புலன்ஸ் அங்கே எதிர்ப்பட்டுப் பெரியவரை ஏற்றிக்கொண்டது. நான் பட்டறை வண்டியை எடுத்துக்கொண்டு கரை ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கவிதா தொப்பலாக நனைந்து தன் வண்டியிலிருந்து தள்ளி நின்றிருந்தார். தீப்பிடிக்கவில்லை. மழையும், இன்ஜினை உடனே நிறுத்தியதும் காப்பாற்றின. பானெட்டைத் தொட்டால் இன்னும் கை சுட்டது. வண்டிக்கு அடியில் மழைத்தண்ணீரோடு ஆயில் வானவில்லாக ஓடியது.

"மாமா ஐசியூல இருக்காரு. பொழச்சுக்குவாருன்னு சொல்றாங்க" என்றார். பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். நெருக்கடியில் சரியாக முடிவெடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி அதற்கு அடுத்த நாள் வரும்.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலையில் சுரேஷ் தோஹாவிலிருந்து முதலாளிக்குப் போன் செய்தார். மீட்டருக்காக நான் இன்ஜினில் திருகிய இடத்தில்தான் ஆயில் கசிந்திருக்கிறது, நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துத் தன் அப்பாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி முகம் வெளுத்து வந்தார்.

"கோதை, ஒரு சாரி சொல்லிடு. நாம சரிபண்ணிக் குடுத்துடலாம். இதோட முடியட்டும்."

"எதுக்கு சாரி?"

"ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான் சார். ஆனா அது பொய். நாளைக்கு மீட்டர் மாட்டுனா இன்ஜின் போயிடும்னு ஊரெல்லாம் பேசுவாங்க. அடுத்த வண்டில யாரும் மாட்டமாட்டாங்க."

"நீ மாட்டுன எடத்துலயே கசிஞ்சிருந்தா?"

"அப்படி இருந்தா சாரியோட நிக்கமாட்டேன். வேலைய விட்டுப் போயிடுறேன். ஆனா பாக்காம சொல்லமாட்டேன்."

நியாயமான கேள்விதான் அது. அந்த நிமிடம் எனக்கே உறுதியாகத் தெரியாது. என் கைவேலை மேல் நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை வேறு, பார்ப்பது வேறு. ஆகையால்தான் முதலில் நானே திறந்து பார்க்கவில்லை. நீங்களும் இதை மறக்காதீர்கள். உங்கள் மேல் பழி வந்தால், பழி சொல்பவர் கண்ணெதிரில்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். தனியாகத் திறந்தால், உங்களுக்குச் சாதகமாக எது இருந்தாலும் நீங்களே வைத்தது என்பார்கள்.

கவிதா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். சுரேஷை வீடியோ காலில் கூப்பிட்டோம். போனை முதலாளி கையிலேயே கொடுத்து, அவரையே காட்டச் சொன்னேன். பானெட்டைத் திறந்தேன். உள்பக்க மெத்தை டர்போவுக்கு மேலே வட்டமாகக் கருகியிருந்தது. அதைப் பார்த்ததும் கவிதா கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல நான் கை வெச்ச எடம்" என்று சென்சாரைக் காட்டினேன். சுற்றிலும் புழுதி அப்படியே படிந்திருந்தது. வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் மண் வந்தது, ஆயில் வரவில்லை. பிறகு டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் சிறிய இரும்புக் குழாயைத் துடைத்துக் காட்டினேன். நுனிக்குச் சற்று முன்னால் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அந்தக் குழாயை அசையாமல் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில்தான், சக்தியைக் கூட்டிய கடைக்காரர்கள் போட்ட பெரிய காற்றுக் குழாய் போகிறது. வழியில் இருந்த கிளாம்பைக் கழற்றியவர்கள் திரும்ப வேறு இடத்தில் போடவில்லை. பிடிமானம் இல்லாத குழாய் ஆடி ஆடி வெடித்திருக்கிறது.

"அது ரொம்பப் பெரிய ஷாப் மேடம்" என்றார் சுரேஷ்.

"பெரிய ஷாப்தான் சார். கிளாம்ப் சின்னது."

கவிதா போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இவங்க இல்லாட்டி நேத்தே காரியத்துக்கு வர உங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், துண்டித்துவிட்டார். முதலாளி துணியை என் கையிலிருந்து வாங்கித் தன் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பாராட்டுக்காக மறுத்துப் பேச நினைக்கிறவர்கள் பேசவே வேண்டாம், சீக்கிரம் வாய் வலித்துவிடும்.

குழாயை மாற்றி, டர்போவைக் கழற்றிப் பார்த்து, இன்ஜினைச் சோதித்தோம். எதற்கும் சேதமில்லை. அதை முடித்துச் சில வாரங்கள் கழித்து, வண்டி வழக்கமான ஆயில் மாற்றத்துக்கு வந்தது. கூடவே பெரியவரும் வந்தார். இளைத்திருந்தார். முதலாளி ஓடிப்போய் நாற்காலி போட்டார். பெரியவர் உட்கார்ந்து, கையிலிருந்த குடையைத் தரையில் ஊன்றி, என்னைக் கூப்பிடச் சொன்னார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மழைல எறங்கி நிக்கச் சொன்னது நீதானா?"

"ஆமாங்க."

"ஊரு எது?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி ஊரை மட்டும் கேட்பதில்லை. "நீடாமங்கலம் பக்கங்க. எங்க அம்மா நடவு நட்டவங்க" என்று முழுவதையும் சொல்லிவிட்டேன், அவர் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டிய சிரமம் இல்லாமல்.

தலையை ஆட்டிக்கொண்டார். "என் வயசுக்கு இதுவரைக்கும் என்ன யாரும் எறங்கு, நில்லுன்னு சொன்னதில்ல."

"அன்னிக்கு இருந்த நிலமைல வேற யாரா இருந்தாலும் அதையேதாங்க சொல்லியிருப்பேன். இனிமே ஒரு தடவ வந்தாலும் அதையேதான் சொல்லுவேன்."

முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார், நிறுத்து என்று. நான் நிறுத்தியது அதற்காக இல்லை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

பெரியவர் குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "இவங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார். நீ என்று தொடங்கியவர் இவங்க என்றார்.

முதலாளி நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"நீங்க உக்காந்திருங்க" என்றேன். "உங்க மருமக வண்டி லிஃப்ட்ல தொங்குது. நான் போய் எறக்கணும்."